எண்பத்துநான்கு கோடு

விடியும் முன்பே எடுத்து வைத்த அரசப்பனின் ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ராஜம் மரத்தாங்கியில் செங்குத்தாக நிறுத்தினாள். பரிசோதனை அறைக் கடிகாரத்தில் மணி ஒன்பது.

இனி ஒரு மணி நேரம் அதை யாரும் தொடக்கூடாது.

வாசலில் அரசப்பனின் மனைவி மலர்க்கொடி நின்றாள். கட்டில் பக்கமே அவளை மாமியார் கனகாம்பாள் அண்டவிடவில்லை. நேற்று ராத்திரி நண்டுக் குழம்பில் இவள் எதையோ கலந்துவிட்டாள் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூட வந்த நாலு பேரும் அதை மறுக்கவில்லை.

"உள்ள வந்து உக்காரு" என்றாள் ராஜம்.

இருவரும் குழாயைப் பார்த்தார்கள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உச்சியில் நூலளவு மஞ்சள் நீர் தெளிந்தது. அதன் கீழே சிவப்பு இறங்கத் தொடங்கியது. யாரும் தள்ளவில்லை, அசைக்கவில்லை. தன்பாட்டில் இறங்கியது.

நல்ல உடம்பென்றால் ஒரு மணி நேரத்தில் பத்துக் கோடு இறங்கும். இது அரை மணியிலேயே முப்பதைத் தாண்டிவிட்டது.

ராஜம் ஐந்து வருடமாக நிறுத்துகிற குழாய்தான். ஆனாலும் ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்லாததை அவன் ரத்தம் சத்தமில்லாமல் சொல்வது அவளுக்கு இன்னும் பழகவில்லை. மூச்சு விட்டால் அது நின்றுவிடும்போல உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்கு டாக்டர் சிவசுப்பிரமணியன் வந்து குனிந்து பார்த்தார். எண்பத்துநான்கு.

"இந்த நாலஞ்சு நாள்ல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம்மா?"

"வெள்ளிக்கிழமை வலை இழுக்கையில நெஞ்சப் புடிச்சிக்கிட்டு மணல்ல உக்காந்துட்டாருங்க. கேட்டா வாயுன்னாரு."

டாக்டர் குழாயைத் தாங்கியோடு எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தார். கனகாம்பாள் முன்னால் அதை வைத்தார்.

"வெள்ளிக்கிழமையே மாரடைப்பு வந்து உங்க மகனோட இருதயத்துல காயம் பட்டிருக்கு. அந்தக் காயத்தோட சூடுதான் ரத்தத்துல தெரியுது. நேத்து சாப்பிட்டதுக்கு ஒரே ராத்திரில இவ்வளவு எறங்காதும்மா."

கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கனகாம்பாள் விரலை நீட்டி, சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, கண்ணாடியைத் தொட்டாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

பிறகு கட்டிலோரமாக நகர்ந்து மருமகளுக்கு இடம் விட்டாள்.

மலர்க்கொடி போய் உட்கார்ந்தாள். காலை எட்டு மணிக்கு உயிர் பிரிந்ததும் அரசப்பனின் முகத்தில் போர்த்தியிருந்த துணியை மெல்ல விலக்கினாள்.