ஒட்டகமா இருக்குமோ?

"ஒட்டகமா இருக்குமோ?" என்றாள் மனைவி, தட்டில் பரிமாறிக்கொண்டே.

டி.வி.யில் கேட்ட கேள்வி இதுதான்: எந்த உயிரினத்துக்கு மூன்று இதயம்?

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. புரையேறி, தலையில் தட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து முடித்துச் சொன்னார்.

"ஒட்டகத்துக்கு எதுக்கும்மா மூணு இதயம்? ஆக்டோபஸ்!"

"சரியான விடை, ஆக்டோபஸ்!" என்றது டி.வி.

மைத்துனன் வாயைப் பிளந்தான். "எப்படி மாமா டக்கு டக்குனு அடிக்கிறீங்க? மேதாவி மாமா நீங்க!"

"எல்லாம் படிப்புதான் மாப்ள."

படிப்பாவது மண்ணாவது! மேதாவிக்கு வேலை டி.வி. விற்கும் கடையில். இந்த 'ஜோடி மூளை' நிகழ்ச்சி மத்தியானமே ஒரு தடவை வந்துவிடும். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அத்தனை டி.வி.யிலும் அதுதான் ஓடும். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே மனுஷன் பதில்களை மனப்பாடம் பண்ணிவிடுவார். தொங்கிய முகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறவர், ராத்திரி மறு ஒளிபரப்பு ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

மனைவிக்கோ எதைக் கேட்டாலும் ஒட்டகம்தான். பின்பக்கமாகப் பறக்கும் பறவை எது என்றால்கூட, "ஒட்டகம்...?" என்று இழுப்பாள்.

"பல் டாக்டர் கிளினிக்ல வர்றவங்களுக்கு டோக்கன் கொடுத்துட்டு உக்காந்திருக்கிறவளுக்கு உலகம் எங்க தெரியப் போகுது!" என்று கிண்டலடிப்பார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஒரே ஒரு நாள் ராத்திரி தெருவில் கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு மத்தியானம் வந்ததோ அபாரமான கேள்வி: எந்த மிருகம் சதுரம் சதுரமாகச் சாணி போடும்? விடை, ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாம்பட். கேள்வியே வராத வீட்டில் பதிலை எப்படி எடுத்து விடுவது? வாம்பட்டை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருத்தத்தோடு படுத்தார்.

இப்படி ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்த மேதாவித்தனத்தில் மைத்துனன் குண்டு போட்டான்.

"மாமா! 'ஜோடி மூளை'க்கு உங்க பேரையும் அக்கா பேரையும் கொடுத்தேன். செலக்ட் ஆயிட்டீங்க!"

"எனக்கு எதுக்குப்பா இந்த விளம்பரமெல்லாம்..."

"அக்கா, மாமாவோட தன்னடக்கத்தைப் பாரு!"

கடைசியில் முகத்தில் பவுடர் அப்பி, நிகழ்ச்சி மேடையில் மனைவி பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். சாயம் வெளுக்கப் போகிறது. அதுவும் இவள் கண்ணெதிரே.

முதல் இரண்டு கேள்விகள் கணவருக்கு.

"மனித உடம்பிலேயே ரொம்பச் சின்ன எலும்பு எங்க இருக்கு?" என்றார் ஜிகினா கோட்டு போட்ட தொகுப்பாளர்.

"சுண்டு விரல்ல."

"தப்பு! காதுக்குள்ள!"

அடுத்தது. "டி.வி. திரையை எப்படி சார் அளப்பாங்க? மேலிருந்து கீழா, பக்கவாட்டிலா, மூலைக்கு மூலையா?"

தினமும் தொண்டைத் தண்ணீர் வற்ற வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிற விஷயம். ஆனால் கண்ணெல்லாம் விளக்கு, நெஞ்செல்லாம் தடதடப்பு.

"ப... பக்கவாட்டுல."

டொய்ங்! மூலைக்கு மூலைதான் சரி. மைத்துனனின் விசில் பாதியில் நின்றது. மேனேஜர் இதைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று மேதாவி வேண்டிக்கொண்டார்.

"கடைசி ரவுண்டு! எல்லாமே பழைய நிகழ்ச்சியில வந்த கேள்விங்க. ஒண்ணுவிடாம சொன்னா நீங்கதான் ஜெயிப்பீங்க!"

துள்ளிக் குதிக்காத குறை. பழசா? அதெல்லாம் விரல் நுனியில் அல்லவா இருக்கிறது!

"ஆனா இதுல கணவர் வாயே திறக்கக் கூடாது. மேடம் மட்டும்தான்!"

போச்சு. ஊரே பார்க்க ஒட்டகம் வரப் போகிறது.

"மூணு இதயம் எதுக்கு மேடம்?"

"ஆக்டோபஸ்."

"பின்பக்கமாப் பறக்கும் பறவை?"

"ஹம்மிங் பறவை."

கைதட்டல் பறந்தது. மேதாவிக்கு உயிர் வந்தது. நெஞ்சில் தட்டிக்கொண்டு, 'நான் சொல்லிக் கொடுத்தது!' என்று கூட்டத்துக்குச் சைகை காட்டினார்.

"கடைசிக் கேள்வி. சதுரம் சதுரமா சாணி போடுற மிருகம் எது?"

தட்டிய கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. ஐயோ, இது ஒன்றைத்தான் இவளுக்குச் சொல்லவே இல்லையே! ஒட்டகத்தை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வாம்பட்" என்றாள் மனைவி.

மேலேயிருந்து கலர்க் காகிதமாகக் கொட்டியது. மைத்துனன் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினான். பரிசைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பெரிய டி.வி.

மேதாவி சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் காதோரம் குனிந்தார்.

"அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்ல கரண்டே இல்லையேம்மா?"

"கிளினிக்ல மத்தியானம் இருந்துச்சே."

"கிளினிக்ல டி.வி. இருக்கா?"

"பல்வலிக்காரங்க வேற எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க? தினமும் இதே நிகழ்ச்சிதான்."

"தினமுமா? அப்ப ராத்திரி நான்..."

"உங்க கடைச் சுவர் பூரா டி.வி.ன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப... அந்த ஒட்டகம்?"

அவர் தோளில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கடையில திட்டு வாங்கிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க. ஒட்டகம்னு சொன்னாதானே சிரிக்கிறீங்க!"