தலை காட்ட முடியல

“தலை காட்ட முடியலய்யா! எங்க ஊர்ல என்னால தலை காட்ட முடியல!”

ரிம்மா இக்னாத்யெவ்னா ஈரக் குடையால் கிளெப்பின் மேஜையில் ஒரு போடு போட்டாள். இஷெவ்ஸ்க் நகரத்து டிராம் டிப்போவில் ஒலிபெருக்கி இல்லாமலே அறிவிப்புச் செய்கிறவள் அம்மா என்று லேரா முன்பே சொல்லியிருந்தாள். கிளெப் அப்போது நம்பவில்லை. இப்போது காதில் விரல் விட்டுக்கொண்டே நம்பினான்.

மூன்று வாரமாக மாஸ்கோவில் கிளெப்பை விடப் பெரிய புரட்சிக்காரன் கிடையாது. அவனே தயாரித்து அவனே இயக்கிய முதல் பாட்டு அப்படி. கொட்டும் மழை, ஒரு பஸ் நிறுத்தம், இருபத்திரண்டு வயதில் லேரா, யானா என்று இரண்டு பாடகிகள், கடைசியில் அவர்களுக்குள் நீளமாக ஒரு முத்தம்.

மழைக்குத் தீயணைப்பு வண்டி வந்திருந்தது. வாடகைக் கேமரா நனைந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது? அதை நிறுத்தத்தின் கூரைக்கடியில் ஒரே இடத்தில் நட்டுவைத்து, அசைக்காமல் முழுப் பாட்டையும் எடுத்து முடித்தான் மகா இயக்குநர். காதலாவது கத்தரிக்காயாவது! எடுத்து முடித்த மறு நொடி, இருந்த ஒரே காய்ந்த துண்டுக்கு இரண்டு பேரும் குடுமிப்பிடிச் சண்டை போட்டார்கள்.

டி.வி.யில் வந்ததும் நாடு கொதித்தது. பாதிரியார்கள் சபித்தார்கள், நாடாளுமன்றத்தில் ஒருவர் மேஜையைக் குத்தினார். கிளெப்போ திட்டு வந்த பத்திரிகைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, காலைத் தேநீரோடு ஜாம் மாதிரி ருசித்துப் படித்தான். ‘கலைஞன் எவனுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை’ என்று பேட்டி வேறு.

யானா வீட்டு வாசலில் எந்நேரமும் கூட்டம். ரொட்டி வாங்கக்கூட அவளால் தெருவில் இறங்க முடியவில்லை. லேரா எப்போதும்போல மெட்ரோவில் நசுங்கிக்கொண்டு வந்துபோனாள். இன்றைக்கு அம்மாவை ரயிலடியிலிருந்து கூட்டி வந்ததும் அதில்தான்.

சனிக்கிழமை பெரிய அரங்கில் கச்சேரி. இந்த அம்மாள் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறினால், ஜோடியில் பாதிதான் மேடையில் நிற்கும். கிளெப் அவசரமாக எதிர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

“உக்காருங்கம்மா. டீ சொல்லவா?”

“டீ ஒண்ணுதான் குறைச்சல்! பத்து வருஷம் இவளைப் பாட்டுப் பள்ளிக்கூடத்துல விட்டேன்யா. பனியில, இருமலோட, நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். எதுக்கு? நீ இப்படிப் பண்றதுக்கா?”

“அம்மா, போதும்மா. மானம் போகுது.” லேரா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“மானமா? அது போய் மூணு வாரம் ஆச்சுடி!” அவள் மறுபடி கிளெப்பைப் பிடித்துக்கொண்டாள். “பொண்ணு டி.வி.ல வர்றாளேன்னு எங்க கட்டடம் முழுக்கச் சொல்லி வச்சேன். டிப்போவிலேருந்து டிரைவருங்களைக் கூப்பிட்டேன். முட்டைக்கோஸ் வச்சு ரொட்டி சுட்டுக் குடுத்து, எல்லாரையும் உக்கார வச்சேன். பாட்டு ஓடி முடிஞ்சுது. ஒருத்தர் வாயைத் திறக்கலய்யா! ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க.”

“அது வந்தும்மா...”

“மேல் மாடி கிளாவ்தியா சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இப்ப என்னை எங்க பார்த்தாலும் அதே சிரிப்பு. மாவு வாங்கப் போனா சிரிப்பு, குப்பை கொட்டப் போனா சிரிப்பு!”

கிளெப் தொண்டையைச் செருமிக்கொண்டு பேட்டியில் சொன்னதை எடுத்துவிட்டான். “அம்மா, கலைன்னா ஒரு சுதந்திரம்...”

“சுதந்திரத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடு! உனக்குப் பொண்ணு இருக்கா?”

“இல்லம்மா.”

“அதான்! இருந்திருந்தா அவளை இப்படி எடுத்திருப்பியா? பெத்த வயிறு எப்படி எரியும்னு தெரிஞ்சிருக்குமா இல்லையா?”

குடை மறுபடி உயர்ந்தது. நாட்டையே எதிர்த்து நின்ற புரட்சிக்காரன் நாற்காலியோடு சுவர் வரை பின்வாங்கினான்.

“தப்புதாம்மா! முத்தத்தை வெட்டி எடுத்துடறேன். இன்னிக்கே எடுத்துடறேன். வேணும்னா பேப்பர்லயே மன்னிப்புக் கேட்டுடறேன். லேராவை மட்டும் கூட்டிட்டுப் போயிடாதீங்க!”

ரிம்மா இக்னாத்யெவ்னா குடையை இறக்கினாள். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னது? முத்தத்தை வெட்டப் போறியா?”

“ஆமாம்மா. மொத்தமா.”

“அட கூறு கெட்டவனே! முத்தத்தை எவன்யா வெட்டச் சொன்னான்?”

கிளெப் திருதிருவென்று விழித்தான். அவள் மகளின் தோளைப் பிடித்து, ஜன்னலிலிருந்து அவன் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

“பாட்டு முழுக்க இவ பின்னந்தலைதானேய்யா தெரியுது!”