தாய்மாமன் அச்சிட்ட காது

நறுமுகை வலது காது இல்லாமல் பிறந்தவள். அவளுடைய செல்களையே குழைத்து, இடது காதின் வடிவத்தை இடவலமாகத் திருப்பி, முறுக்கு பிழிவதுபோல இழைமேல் இழையாக இயந்திரம் ஒரு காதை அச்சிட்டது. மருத்துவமனையில் அந்த இயந்திரத்தை இயக்கியவன் அவளுடைய தாய்மாமன் செந்தூரன்.

காது கச்சிதமாகப் பொருந்தியது. உணர்வுதான் வரவில்லை. இயந்திரம் காதைத்தான் தரும். நரம்பு அதற்குள் தானாக வளர்ந்து வரவேண்டும். ஒரு வருடமாகியும் வராததால் மருத்துவர் கைவிரித்துவிட்டார். எறும்பு கடித்து ரத்தம் வந்தாலும் குழந்தைக்குத் தெரியாது. அவளுடைய அம்மா செல்வி தினமும் டார்ச் அடித்துக் காயம் தேடுவாள்.

ஐந்து வயதில் மண்டபத்தில் வைத்துக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் நறுமுகை உட்கார்ந்தாள்.

"தோடு மட்டுமில்ல, காதே மாமன் சீருதான்!" என்று அத்தை கேலி செய்தாள்.

மரத்துப்போகும் களிம்பை ஆசாரி எடுத்தார்.

"இடது காதுக்கு மட்டும் தடவுங்க. வலதுக்குத் தேவையில்ல, அதுல வலிக்காது," என்றான் செந்தூரன். சொல்லும்போது குரல் இறங்கியது.

இடது காதில் குத்தியபோது நறுமுகை மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தாள். வலது காதில் ஊசி இறங்கியதும் மண்டபமே அதிரும்படி அலறினாள்.

"வலிக்காதுன்னு சொன்னியே மாமா! பொய்யி!"

செல்வி ஓடிவந்து மகள் முன்னால் மண்டியிட்டாள்.

"எந்தக் காதுடி?"

"இதுதான்!" என்று வலது காதைப் பொத்தினாள் குழந்தை.

செல்வி கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள். "இன்னொரு தரம் சொல்லுடி தங்கம், எது வலிக்குது?"