கப்பல் பேப்பரில் அம்மாக்கண்ணு

‘புளி உலுக்கப் போன இடத்தில் குரங்கோடு சண்டை போட்ட அம்மாக்கண்ணு, ஒரு கூடைப் புளியை மீட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.’

போனில் வந்த பேப்பரைப் பெரிதாக்கிப் படித்த சசிகலாவுக்கு, மாமியாரை நினைத்துச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மலையூரான நெல்லிவாசல்நாட்டில் சிக்னல் கிடைப்பது அவள் ஏறி உட்கார்ந்திருந்த அந்தப் பாறை மேல்தான். அழுவதானாலும் அங்கேயேதான் அழ வேண்டும்.

பேப்பர் என்றால் அச்சடித்ததில்லை, கையால் எழுதியது. எழுதுவது சரக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போன அவள் புருஷன் பிரகாஷ். முதலாளி மேல் ஏதோ வழக்கென்று, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பலைப் பிடித்து வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரையும் கரையில் இறங்க விடுவதில்லை. கைதிக்காவது விடுதலைத் தேதி உண்டு, இவர்களுக்கு அதுவும் கிடையாது.

பொழுது போகாமல் கப்பல்காரர்கள் ஆரம்பித்ததுதான் இந்த வாரப் பேப்பர். கேப்டன் போனில் மட்டும்தான் நெட். அதற்கு வாய்ஸ் மெசேஜில் ஊர்ச் செய்தி அனுப்பும் நிருபர், சம்பளமில்லாத சசிகலா.

அங்கேதான் வந்தது வினை. அம்மாக்கண்ணு காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது.

“இப்ப சொன்னா கடல்ல குதிச்சிடுவான். தாங்கமாட்டான்மா,” என்று பிரகாஷின் அண்ணன் லட்சுமணன் அவள் வாயை அடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து, செத்த மாமியாரை நடமாட விடுவது சசிகலாவின் வேலையாயிற்று. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைப்பதில்லை. அதனால் தெருவில் வரிசையாகப் பொங்கிய பானைகளைப் படம் எடுத்து அனுப்பி, அத்தைக்குக் கை கொள்ளாத வேலை என்று ஒரு செய்தியும் சொல்லி வைத்தாள்.

இனி முடியாது, இன்று சொல்லிவிடுவது என்றுதான் பாறை ஏறியிருந்தாள். கேப்டன் போனிலிருந்து அழைப்பு வந்தது.

எடுத்த எடுப்பில், குரங்கு திரும்ப வந்ததா, அம்மா என்ன செய்தது என்று கேட்டான் பிரகாஷ். பின்னால் நாலைந்து ஆண்குரல்கள் அதையே கேட்டன. பேப்பர் வந்ததும் எல்லாரும் முதலில் படிப்பது அந்தச் செய்தியைத்தானாம். அவர்களில் ஒருவன், அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

“இன்னாங்க, நான் சொன்னது எல்லாமே பொய்ங்க. அத்தை...”

பிரகாஷ் போனோடு எங்கோ தள்ளி நடப்பது கேட்டது. மற்றவர்களின் குரல் ஓய்ந்து, அலைச் சத்தம் மட்டும் வந்தது.

“பொங்கல் போட்டோவுல நம்ம வூட்டு வாசல் சும்மா கெடந்துச்சே, அப்பவே தெரியும் சசி,” என்றான் மெதுவாக. “நீ செய்தி அனுப்பறத மட்டும் நிறுத்தாத. இங்க இருக்கிறவங்க தாங்கமாட்டாங்க.”