கிராம்புக் கண் மீன்கள்

பந்தியில் ஒருவர் இரண்டாம் முறை கை நீட்டும்போது நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? அவருடைய கையையா, முகத்தையா? நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

மரக்காணத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் சகாயசெல்வியின் மகள் கலைமதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தந்தை ஜெயப்பிரகாஷ், புதுச்சேரியில் பேக்கரி நடத்துபவர்.

"பேக்கரிக்காரருக்குக் கடை பன்னையா வாங்கி வெக்கிறது? நானே சுடப் போறேன்" என்றார் சகாயசெல்வி.

கணவர் அறிவழகன் மெல்லக் குறுக்கிட்டார். "இட்லி வெச்சுடலாமே, செல்வி."

"உங்க யோசனைய உங்களோட வெச்சுக்குங்க."

கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுப் பெண் மீன் வடிவத்தில் பன் சுடும் காணொளியைச் சகாயசெல்வி பார்த்திருந்தார். அந்தப் பெண் பேசிய மொழி புரியவில்லை. அவள் கைகள் புரிந்தன. பொங்கிய மாவை மீனாகத் தட்டி, கத்தரிக்கோலால் செதில் செதிலாக நறுக்கி, கிராம்பால் கண் வைத்து, ஓவன் இல்லாத குறைக்கு இட்லிக் குண்டானில் சுட்டு, ஒரு வாரம் ஒத்திகையும் பார்த்தார்.

விருந்தன்று மட்டும், காணொளியில் கண்டபடியே, செதில்களின் மேல் வெள்ளையாக மின்னும் அலங்காரத்தையும் தூவினார். இருபத்து நான்கு மீன்களும் வலையிலிருந்து அப்போதுதான் கொட்டியவை போலப் பளபளத்தன.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் யாராவது தொட்டீங்க, கைய ஒடிச்சுடுவேன்!"

மாலையில் எல்லோரும் வந்து அமர்ந்தார்கள். தாய்மாமனுக்கு முதல் மரியாதை அல்லவா? முதல் மீன், சகாயசெல்வியின் அண்ணன் தங்கராசுவின் தட்டில் விழுந்தது.

தங்கராசு கடித்தார். அவர் கண்கள் விரிந்தன. தங்கையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் மென்று, விழுங்கினார். பிறகு, பன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாரும் தொடாதீங்க. எல்லாம் எனக்குத்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது மீனை வாயில் திணித்தார். மூன்றாவதையும் தின்றார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து, "இன்னொரு சொம்பு கொண்டாம்மா" என்றார். மிச்ச மீன்களைத் தோள் துண்டில் கொட்டி மூட்டை கட்டத் தொடங்கினார்.

அதற்குள் ஜெயப்பிரகாஷ் ஒன்றை எடுத்திருந்தார். "செதிலு வெட்டியிருக்கிறது பிரமாதம்ங்க. எங்க மாஸ்டருக்கே இந்தக் கை வராது" என்று வியந்தபடி அதை வாயருகே கொண்டுபோனார். தங்கராசு எட்டி அதை அப்படியே பறித்தார்.

"தாய்மாமன் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது, சம்பந்தி."

"சீர்ல பன்னு எப்பங்க சேந்துச்சு?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ், வெறும் விரல்களைப் பார்த்தபடி.

அவர் மனைவி வைஜெயந்தி மகனிடம் குனிந்தார். "பொண்ணும் மாமன் மாதிரிதான் சாப்புடுமாடா?"

அறிவழகன் ஓடிப்போய்ப் பரோட்டா வாங்கி வந்து மானத்தைக் காப்பாற்றினார். திருமணத் தேதி குறித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் கிளம்பினார்கள்.

கார் தெருமுனையைத் தாண்டியதும் சகாயசெல்வி வெடித்தார்.

"வெக்கமா இல்லியாண்ணா? சோத்தையே பாக்காதவன் மாதிரி! அந்த மனுசன் வாயில ஒரே ஒரு மீனு பட்டிருந்தா, என் கைப்பக்குவம் பாண்டி பூரா தெரிஞ்சிருக்கும்!"

"தெரிஞ்சிருக்கும்மா" என்றார் தங்கராசு பணிவாக.

"கல்யாணத்துல நீ மேடை ஏறக் கூடாது. என் வாசப்படிய மிதிக்கவும் கூடாது!"

"சரிம்மா. போறேன்." மூட்டையை எடுத்துக்கொண்டவர் தயங்கி நின்றார். "இன்னும் ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா?"

கிடைக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு தன் ஊரான அனுமந்தைக்குப் போய்விட்டார்.

பெஞ்சுக்கு அடியில் பெருக்கிய கலைமதி கூவினாள். "அம்மா! ஒரு மீனு தப்பிச்சிடுச்சு!"

வால் பக்கம் ஒரு கடி கடித்தாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினாள். அறிவழகனும் ஒரு துணுக்கைப் பிட்டு வாயில் போட்டார். அவர் முகம் கோணிக்கொண்டது.

"செல்வி, மேல என்னாத்த தூவின?"

"அந்தப் பொம்பள தூவினதத்தான். வெள்ளையா, பொடிக் கல்லா, மினுமினுன்னு. நம்ம அளத்துலயே நல்லதா பாத்துப் பொறுக்கி, ரெண்டு கை..."

"அம்மா! அது சக்கரைம்மா!"

பத்து வயதிலிருந்து வெள்ளையாக மின்னும் ஒன்றை மட்டுமே வாரிக் குவித்த கைகள் அவை. உலகில் அப்படி மின்னுவது இன்னொன்றும் உண்டு என்று அந்தக் கைகளுக்குத் தோன்றவே இல்லை.

"மீனு இல்ல செல்வி, கருவாடு சுட்டிருக்க" என்றார் அறிவழகன்.

சகாயசெல்வி கைப்பேசியைத் தேடி எடுத்தார். மறுமுனையில் தங்கராசுவின் தொண்டை காய்ந்து கரகரத்தது.

"அழாத செல்வி. மிச்சம் இருக்கிறது ஆறு மாசத்துக்குக் கெடாது."

"ஏன்ணா அப்பவே சொல்லல? அவங்க போனப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிம்மா சொல்றது? நான் கடிக்கிறத நீ பாத்துக்கினு நின்னியே, ஒரு முகம். அதப் பாத்தப்புறம் முழுங்கத்தான் முடிஞ்சுது."

அன்பர்களே, உங்கள் குடும்பத்திலும் ஒரு தங்கராசு இருப்பார். பெருந்தீனிக்காரர் என்று நீங்கள் தீர்ப்பெழுதி, விருந்துப் பட்டியலிலிருந்து பெயரை அடித்திருப்பீர்கள். அவர் எதை விழுங்கினார், யாருக்காக விழுங்கினார் என்று ஒருநாளேனும் விசாரித்தீர்களா? நாளைக்கென்று தள்ளாதீர்கள். இன்றே, இந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே, அவரைத் தேடிப் போங்கள். மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள்!