ஆடிக்காற்றில் அடித்த கோயில் மணி

வேதக்கோயில் பனையோலைக் கூரையாக இருந்த காலத்தில், நாலைந்து குடும்பத்தார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்கி, அந்தப் பிடியரிசியைச் சேர்த்து விற்று வாங்கிய மணி அது. அது கூப்பிட்டுத்தான் அந்தச் சின்னச் சபை வளர்ந்தது. ஓலை ஓடானது, ஓடு கான்கிரீட் ஆனது. கடைசியில் கோபுரத்தில் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். ஞாயிறு ஆராதனைக்கு அதுவே பாடிக் கூப்பிட்டது. மணிக்குச் சாவுச் செய்தி சொல்லும் வேலை மட்டும் மிஞ்சியது.

மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கீழே பாரு, உபதேசியார் வெறும் பெஞ்சுக்குப் பிரசங்கம் பண்றாரு. ஒரே ஒரு தடவை என்னை ஆட்டிவிடேன்," என்று கயிற்றை நச்சரித்தது.

"யாரும் சாகலையே," என்றது கயிறு.

"முன்னெல்லாம் கலியாணத்துக்கு அடிப்போமே, அப்படி அடிப்போம்."

தொல்லை தாங்காமல், ஒரு ஞாயிறு காலை ஆடிக்காற்றைச் சாக்காக வைத்துக் கயிறு ஆடியது. மணி துள்ளித் துள்ளி அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டும், வயலிலிருந்து சேற்றுக் காலோடும் ஊரே ஓடி வந்தது. இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்து மணிக்கு எவ்வளவு காலம் ஆயிற்று!

"யாரு போயிட்டா? வேதக்கண்ணு பெரியப்பாவா?"

"எலேய், நான் இங்கதாம்ல நிக்கேன்!" என்றார் வேதக்கண்ணு.

"காத்துல அடிச்சிருக்கு," என்றான் ஒருவன். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கோயில் கதவு திறந்துதான் கிடந்தது. உபதேசியார் வாசலுக்கே வந்து, "வந்ததுதான் வந்தீங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மணி இப்போது கயிற்றை நச்சரிப்பதில்லை. தெருவில் யாராவது இருமினால் மட்டும் காதைத் தீட்டிக்கொள்கிறது.