பீங்கான் தகட்டின் ஒற்றை வரி

ஒரு ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியில் நகத்தளவு பீங்கான் தகடு ஒன்று இருந்தது. அதன் நடுவில், கண்ணுக்கே தெரியாத பொடிக் கட்டங்களாக ஒரு கியூஆர் கோடு செதுக்கியிருந்தார்கள். நெருப்பில் போட்டும் அமிலத்தில் முக்கியும் பார்த்தார்கள். ஒரு கட்டம்கூட மங்கவில்லை. தகட்டுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"நீ அடுத்த மழைக்கே உரிஞ்சு விழுந்துடுவே," என்று தன் டப்பாமேல் ஒட்டியிருந்த காகித லேபிளைச் சீண்டும். "என்கிட்ட ஒரு தலைமுறையோட அறிவே இருக்கு."

"உள்ளே இருக்கறது நீதான்னு சொல்றேன். எனக்கு அது போதும்," என்றது லேபிள்.

லேபிள் உரிந்து விழுந்து பல வருடம் கழித்து, யாரோ தகட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தார்கள்.

"சத்தமாப் படிங்கண்ணே," என்றது தகடு.

நுண்ணோக்கி படித்தது. நம்பாமல் மறுபடியும் படித்தது.

"ஒரே ஒரு வரிதான்ப்பா இருக்கு. 'முழு விவரங்களுக்கு எங்கள் இணையப் பக்கத்தைப் பார்க்கவும்.'"

"அப்போ அதைப் பாருங்க."

"அந்தப் பக்கத்தை மூடி ரொம்ப வருஷமாச்சு."

"என்னை அழிச்சுடுங்கண்ணே," என்றது தகடு.

நுண்ணோக்கி தயங்கியது. "அதுக்குத்தான் அவங்க வழியே வைக்கலையேப்பா."